குஜராத்தின் பரூச் நகரில் வாழும் தமிழர்களான நம் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நேரத்துக்கு வந்துவிட்ட உறுப்பினர்களுக்கும், இனிமேல் வரப்போகிறவர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா நடந்தது. சித்திரைப் புத்தாண்டுக்குக் குழந்தைகள் பாட்டுப் போட்டி நடந்தது. கொலுவை மகளிர் குழு பார்த்துக்கொண்டது. செயற்குழுவும் கூடியது, கூட்டம் செல்லுபடியாக வேண்டிய அளவு ஆள் இருந்ததா என்பது வேறு விஷயம்.

அப்புறம், ஊர் சுற்றும் திட்டம். 'இதெல்லாம் சங்கத்துக்குத் தேவையா' என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்ததால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் நாம் நேரே கேவடியாவுக்கு வண்டி பிடிக்கிறோம். 182 மீட்டர் படேல் சிலை முன்னால் ஒரு போட்டோ, அடுத்த நாள் ரயில். 'பரூச்சில் பார்க்க என்ன இருக்கு' என்று நாமே சொல்லிவிடுகிறோம். சங்க காலத்தில் நம் முசிறித் துறைமுகத்தைப் பற்றி எழுதிய அதே கிரேக்க மாலுமி, பாரிகாசா என்று எழுதி வைத்த துறைமுகம் இதுதான். இங்கே கடல் ஏறி இறங்கும் வேகத்துக்குப் பயந்து, உள்ளூர் மீனவர்கள் வழிகாட்டித்தான் கப்பல்கள் நர்மதைக்குள் வந்தன என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

நம்மவர்களுக்கு அந்தப் பயம் கிடையாது. காவி கம்போயி என்ற கடலோர ஊரின் ஸ்தம்பேஷ்வர் சிவன் கோயிலில் கடல் ஏறினால் லிங்கமே முழுகிவிடும். அந்த நேரம் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அதைக் கணக்குப் போட்டுத்தான் காலை ஆறு மணிக்குப் பஸ் என்று அறிவித்தேன். பெயர் கொடுத்த சில குடும்பங்கள் வரவே இல்லை. ஒரு போன்கூட இல்லை. அவர்களுக்காகக் காத்திருந்தோம். வழியில் நர்மதையின் மேல் 1881-இல் திறந்த, 'தங்கப் பாலம்' என்று சொல்லும் பழைய பாலத்தைப் பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தேன். செல்ஃபிக்கு அரை மணி போனது. பிறகு காரி சிங் வாங்க இறங்கினார்கள். 'உப்புக்கடலை எங்கேயும் ஓடிப்போகாது, திரும்பும்போது வாங்கலாம்' என்றேன். யார் கேட்டார்கள்?

போய்ச் சேர்ந்தபோது லிங்கம் தண்ணீருக்குள். மஞ்சள் பையில் தேங்காயோடு கரையில் நின்ற மாமி ஒருவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அட்டவணையில் தவறில்லை என்பதை இந்தப் பொதுக்குழுவில் பதிவு செய்கிறேன்.

மாலையில் நர்மதைக்குள் இருக்கும் கபீர்வட் தீவுக்குப் படகில் போனோம். கவி கபீர்தாசர் போட்ட பல்குச்சி முளைத்து வந்ததாகச் சொல்லும் ஆலமரம். விழுதுகளெல்லாம் அடிமரங்களாகி நிற்கின்றன. அடையாறு ஆலமரத்தைப் பார்த்தவர்களும் தாய்மரம் எது என்று தேடித் தோற்றார்கள். பிள்ளைகளைப் படகுக்குத் திரும்பக் கூட்டிவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. காலையில் முகம் சுளித்தவர்களே அங்கே 'அடுத்தது எப்போ' என்று கேட்டார்கள்.

கணக்கு மொத்தத்தில் சரியாகவே இருக்கிறது. சிறு துண்டு விழுகிறது. விவரம் பொருளாளரிடம். வராதவர்களின் இருக்கைக்கும் பஸ்காரருக்கு வாடகை கொடுத்தாயிற்று, என் கையிலிருந்து. அதை நான் பெரிதுபடுத்தவில்லை. சந்தா பாக்கிப் பட்டியலையும் வாசிக்கப் போவதில்லை. பாதிப் பேர் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள்.

தலைவருக்கும் செயற்குழுவுக்கும் மகளிர் குழுவுக்கும் பஸ் டிரைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் சுஜனி என்ற பஞ்சு வைத்த போர்வை நெய்யும் நெசவாளர் வீடு, ஜாமா மசூதி, மறுபடியும் காவி கம்போயி என்று யோசனை இருக்கிறது. வேறு யாராவது செயலாளராக முன்வந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. இதுவரை யாரும் வரவில்லை. நான்தான் என்றால், முன்பணம் கட்டியவர்களுக்கு மட்டுமே இருக்கை. ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளர் வாசல் மேசையில் இருப்பார். சாப்பாடு அதற்கு அடுத்த அறையில்.