வேதத்தை என் முன்னால் திறந்து வைத்தவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு,

ஸ்தோத்திரம்.

போன வாரம் வெளிப்படுத்தின விசேஷம் 22-ஆம் அதிகாரத்தை வாசித்து முடித்தேன். ஆதியாகமத்தில் தொடங்கி, ஒன்றையும் தாண்டாமல், 66 புத்தகங்களையும் வாழ்க்கையில் முதல் முறையாக முழுவதும் வாசித்திருக்கிறேன். நான் பிறந்ததே சபைக்குள். ஞாயிறு பள்ளியில் வசனப் போட்டிகளில் பரிசு வாங்கியவள். ஆனாலும் நாகூம் தீர்க்கதரிசி யாரைப் பார்த்துப் பேசினார், எதற்காகப் பேசினார் என்பது 43 வயது வரைக்கும் எனக்குத் தெரியாது.

நாளுக்கு ஒரு அதிகாரம் என்பதுதான் கணக்கு. மொத்தம் 1,189 அதிகாரங்கள். ஒரு நாளும் விடாமல் வாசித்தால் மூன்றேகால் வருடத்தில் முடியும். விட்டுப்போன நாட்களையும் சேர்த்து எனக்கு நான்கு வருடம் ஆனது. சபையில் இதைச் சொன்னபோது எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள், கைதட்டினார்கள். அன்றிலிருந்து மனதில் ஓர் உறுத்தல். நானாக உட்கார்ந்து வாசித்த நாட்களைவிட, யாரோ என்னை உட்கார வைத்த நாட்கள்தான் அதிகம். அவர்கள் பெயரை எழுதினால் அவர்களுக்குப் பிடிக்காது. அதனால் பெயர் இல்லாமல் எழுதுகிறேன். வாசிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதலில் அக்காவுக்கு.

நான் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் நைட் டியூட்டி. “அதிகாலையில் எழுந்து வேதம் வாசிக்க வேண்டும், கர்த்தருக்கு முதல் நேரத்தைக் கொடுக்க வேண்டும்” என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ சுருங்கும். இயேசு இருட்டோடே எழுந்து ஜெபம்பண்ணப் போன அந்த நேரத்தில் நான் ஏழாம் கட்டிலில் பிரஷர் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்குப் போனதும் கண் சொருகும். எழுந்தால் சமையல், துணி, பிள்ளைகள். இந்த வேலையில் இருக்கிறவரை வேதத்துக்கு முதலிடம் கொடுக்க நமக்கு வாய்க்காது என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டேன்.

அக்கா என்னைவிடப் பத்து வருடம் சீனியர். ஒருநாள் ஹேண்ட்ஓவர் முடிந்து உடை மாற்றும் அறையில் இருந்தபோது இதைச் சொல்லி அழுதுவிட்டேன். அவர்கள் ஆறுதல் சொல்லவில்லை. கைப்பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட சின்ன வேதாகமத்தை எடுத்து, 134-ஆம் சங்கீதத்தைத் திறந்து என் மடியில் வைத்தார்கள். மூன்றே வசனம். “இதோ, இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும் கர்த்தரின் ஊழியக்காரரே” என்று தொடங்குகிறது. “நைட் டியூட்டிக்காரங்களுக்கும் ஒரு சங்கீதம் இருக்கு, பார்த்தியா?” என்றார்கள்.

அப்புறம் கேட்டதைத்தான் நான் இன்றுவரை மறக்கவில்லை. “டியூட்டிக்கு வந்ததும் முதல்ல என்ன செய்வ? கேஸ் ஷீட்டைப் பார்க்காம யாருக்காவது மருந்து கொடுப்பியா? உனக்குத் தோணினதைக் கொடுத்துட்டு, அப்புறம் டாக்டர் என்ன எழுதியிருக்கார்னு பார்ப்பியா?” மாட்டேன் என்றேன். “அவ்வளவுதாம்மா. முதல்லன்னா அதுதான். மணி எத்தனைன்னு யாரும் கேட்கல.”

மறுநாளிலிருந்து டியூட்டி மாறும் அந்தப் பத்து நிமிடம் எங்களுடையதானது. ஒரு வசனம் அவர்கள், ஒரு வசனம் நான். அவர்களுக்குப் பகல் டியூட்டி வந்தால் போன் வரும். “வாசிச்சாச்சா?” ஒரே வார்த்தை. ஆச்சு என்றால் வைத்துவிடுவார்கள். இல்லை என்றாலும் திட்டியதில்லை. “சரி, இப்ப வாசி, நான் கேட்கிறேன்” என்பார்கள். பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி எண்ணாகமத்தின் கோத்திரக் கணக்கை நான் வாசிக்க, மறுமுனையில் ஒரு பெயரையும் அவசரப்படுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அக்கா, அந்தப் பொறுமைக்கு என்னிடம் ஈடு இல்லை.

லேவியராகமத்தில் பலரும் நின்றுவிடுவார்கள். 27 அதிகாரம், பலியும் சுத்திகரிப்புமாகப் போகும். நானும் நிற்கத்தான் பார்த்தேன். “பத்தொன்பது வரைக்கும் வா, அப்புறம் பேசலாம்” என்றார்கள் அக்கா. பத்தொன்பதாம் அதிகாரம் வந்த அன்று இருவருக்குமே இரவு டியூட்டி. ஜன்னலில் வெளுத்துக்கொண்டு வருகிறது. பதின்மூன்றாம் வசனம் என் முறை. கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்மட்டும் உன்னிடத்தில் இருக்கக் கூடாது என்கிறது.

எங்கள் மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா வருகிறார்கள். அந்த மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டு நாளாக நான் கொடுக்கவில்லை. பணம் இல்லாமல் இல்லை. அவர்கள் கேட்கவில்லை, அதனால் அவசரமில்லை என்று நானே வைத்துக்கொண்டேன். அந்த வசனத்துக்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. ஜன்னலைப் பார்க்கிறேன், விடிந்தேவிட்டது. அன்று வீட்டுக்குப் போய்க் கட்டிலில் விழுவதற்கு முன்னால், அவர்கள் வந்ததும் வாசலிலேயே சம்பளத்தைக் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் பணத்தை எண்ணிப் பார்க்கவும் இல்லை. முந்தானையில் முடிந்துகொண்டு, “நீங்க தூங்குங்கம்மா, பெரியம்மாவை நான் பார்த்துக்கறேன்” என்று உள்ளே போனார்கள்.

அம்மா, இந்த மடலில் உங்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். நான் கடனாளியாக இருந்த பன்னிரண்டு நாளும் எங்கள் வீட்டு முதியவரின் முதுகைத் துடைத்துவிட்டவர்கள் நீங்கள். லேவியராகமம் பழைய காலத்துச் சட்டம், இன்றைக்கு நமக்கு எதற்கு என்று யாராவது கேட்டால், உங்கள் முகம்தான் என் நினைவுக்கு வருகிறது.

அடுத்து, சனிக்கிழமை வேதபாடம் நடத்தும் ஐயாவுக்கு.

சில வருடங்களுக்கு முன் வெளியூரில் ஒரு நல்ல வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். அந்த வருடத் தொடக்கத்தில் எனக்குக் கிடைத்த வசன அட்டையில் எரேமியா 29:11 இருந்தது. உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்னும் வசனம். அதை அலமாரிக் கதவில் ஒட்டி, வேலை எனக்குத்தான் என்று எல்லோரிடமும் சாட்சியும் சொல்லிவிட்டேன். வேலை கிடைக்கவில்லை. வேதபாடத்தில், “அப்படியானால் இந்த வசனத்துக்கு என்ன அர்த்தம் ஐயா?” என்று கோபமாகவே கேட்டேன்.

ஐயா கோபப்படவில்லை. “இதற்கு முந்தின வசனத்தை வாசி, மகளே” என்றார். வாசித்தேன். பாபிலோனில் எழுபது வருடம் முடிந்த பின்புதான் திரும்ப வரப்பண்ணுவேன் என்கிறது. “அந்தக் கடிதம் வந்தபோது உன் வயதில் இருந்தவர்கள் எத்தனை பேர் திரும்பிப் போயிருப்பார்கள்?” என்றார். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். “இன்னும் மேலே போ.” ஐந்தாம் வசனம் வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்கிறது. ஏழாம் வசனம் நான் உங்களைச் சிறையாய்ப் போகப்பண்ணின அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபம்பண்ணுங்கள் என்கிறது. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் பிடித்துக்கொண்டு போன ஜனங்களுக்கு, சீக்கிரம் வீடு திரும்பலாம் என்று பொய்த் தீர்க்கதரிசிகள் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் எரேமியா எழுதி அனுப்பிய கடிதம் அது.

இருபது வருடமாக மனப்பாடமாக இருந்த ஒரு வசனத்துக்கு முன்னும் பின்னும் வேறு வசனங்கள் இருக்கின்றன என்பதே அன்றுதான் எனக்கு உறைத்தது. வேதத்தை முன்னால் வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு என் விருப்பத்தை முன்னால் வைத்து, வசனத்தை அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வைத்திருந்தேன். வசன அட்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ பேரை அது தாங்கியிருக்கிறது. ஆனால் அட்டையில் வசனம் கிடைத்த அன்றே அந்த அதிகாரத்தை முழுவதும் வாசித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அந்த அட்டை இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அதன் கீழே ஐந்தாம் வசனத்தையும் ஏழாம் வசனத்தையும் பேனாவால் எழுதியிருக்கிறேன். வேலைக்காக ஏங்குவதை விட்டு, இருக்கிற வார்டின் சமாதானத்துக்காக ஜெபிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ஐயா அடிக்கடி பெரோயா ஊராரைப் பற்றிச் சொல்வார். பவுல் பிரசங்கித்ததையே, காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களில் ஆராய்ந்து பார்த்தவர்கள் (அப்போஸ்தலர் 17:11). அதற்காக வேதம் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை, நற்குணசாலிகள் என்கிறது. “நான் சொல்றதையும் வீட்டுக்குப் போய்ப் பாருங்க. தப்புன்னா வந்து சொல்லுங்க” என்று சொல்லும் ஆசிரியர் எத்தனை பேருக்குக் கிடைப்பார்?

அக்காவுக்கே இன்னொரு நன்றி பாக்கியிருக்கிறது. எங்கள் வார்டில் ஒரு குழந்தை இறந்துபோன இரவு. நான்கு நாள் நான் தூக்கிப் பால் கொடுத்த குழந்தை. காலையில் என்னால் ஜெபிக்க முடியவில்லை. வரிசைப்படி அன்று நெகேமியா. அக்கா அதை மூடிவிட்டு 88-ஆம் சங்கீதத்தை எடுத்து அவர்களே வாசித்தார்கள். புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கையோ துதியோ சொல்லித் திரும்பிவிடும். இது திரும்பவே இல்லை, இருளோடேயே முடிந்துவிடுகிறது. முடித்ததும் அக்கா ஒன்றும் சொல்லவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தேவனிடத்தில் இப்படியும் பேசலாம் என்று வேதமே எழுதி வைத்திருக்கிறது என்பது அன்று எனக்குப் போதுமாயிருந்தது. “அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை, அவைகள் காலைதோறும் புதியவைகள்” என்ற வசனம் புலம்பல் புத்தகத்தில் ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து வரிசையில் தானாக வந்தது. முன்கூட்டியே அதை எடுத்து என் வாயை அடைக்காமல் விட்டதற்கு நன்றி அக்கா.

நான் கண்ணால் பார்க்காத சிலருக்கும் இங்கே நன்றி சொல்ல வேண்டும். ரூத்தின் புத்தகத்தை முடித்த அன்று ஐயா ஒரு செய்தி சொன்னார். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் எழுத்துகளைப் பழகியவர். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு சில வருடங்களிலேயே அங்கு அச்சாகி 1715-இல் முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் வந்தார். 1719-இல் இறந்தபோது அவருக்கு வயது 36. மிச்சத்தை சுல்ட்சே முடித்தார், பிறகு பெப்ரிசியுஸ் வந்து பல வருடங்கள் உட்கார்ந்து புதிதாக மொழிபெயர்த்தார். அவர்களுக்கு மொழி கற்றுக்கொடுத்த தமிழ் ஆசிரியர்கள், அச்சுக் கோத்தவர்கள் எல்லோரும் இதில் உண்டு. நான் சோம்பல்பட்டு ரூத்தோடு நிறுத்தியிருந்தால் அது என் குற்றம். அவர் ரூத்தோடு நின்றது உயிர் போனதால். அதைக் கேட்ட பிறகு சாமுவேலின் முதலாம் புத்தகத்தைத் திறக்க எனக்கு யாரும் போன் பண்ண வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்காரருக்கும் நன்றி. நான் டியூட்டி முடிந்து வந்ததும் போனை என் கையிலிருந்து வாங்கி சார்ஜில் போட்டுவிட்டு, “இன்னைக்கு அதிகாரம் ஆச்சா?” என்று கேட்டவர். நான் வாசித்து முடிக்கிறவரை பிள்ளைகளை அறைக்குள் விடாமல் பார்த்துக்கொண்டவர். என்னைப் பெற்ற அம்மாவுக்கு என்ன எழுதுவது? பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் என்று இரண்டு பெயரைத் தீமோத்தேயுவுக்குப் பவுல் நினைவுபடுத்துகிற இடத்தை வாசித்தபோது அம்மாவின் குரல்தான் கேட்டது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. கேட்டுக் கேட்டே 119-ஆம் சங்கீதத்தில் பாதியை வைத்திருந்தார்கள். எட்டெட்டு வசனமாக 22 பகுதி, மொத்தம் 176 வசனம். அந்த ஒரு சங்கீதத்துக்கு மட்டும் நான் 22 நாள் எடுத்துக்கொண்டேன். அம்மாவுக்குத் தெரிந்த பகுதிகள் வரும்போது எனக்கு வாசிக்கத் தேவையிருக்கவில்லை.

கடைசியாக ஐயாவிடம் ஒரு விண்ணப்பம். நியாயாதிபதிகள் 11-இல் யெப்தா, போரில் ஜெயித்தால் வீட்டிலிருந்து தன்னை எதிர்கொண்டு வருவதைத் தகனபலியிடுவேன் என்ற பொருத்தனைக்காக மகளை இழக்கும் இடத்தில் நான் கொதித்துப்போய் வந்தேன். பிள்ளைகளை அக்கினியில் சுட்டெரிப்பதைக் கர்த்தர் வெறுக்கிறார் என்னும் உபாகமம் 12:31-ஐக் காட்டினீர்கள். “அவனவன் தன் தன் பார்வைக்குச் சரிப்போனபடி செய்துவந்தான்” என்று நியாயாதிபதிகள் புத்தகம் முடிவதையும் காட்டினீர்கள். அப்போது மனது கொஞ்சம் அடங்கியது. ஆனால் எபிரெயர் 11:32-க்கு வந்தபோது, விசுவாச வீரர்களின் வரிசையில் யெப்தாவின் பெயரும் இருக்கிறதே! இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை எனக்கு ஆஃப். அக்காவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். கொஞ்சம் நேரம் ஒதுக்கி வையுங்கள், ஐயா.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சகோதரி