அந்த நம்பருக்கு ஃபோன் போடாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

திருப்பி அனுப்பிய மிக்ஸிக்கு இன்னும் பணம் வரவில்லை, யூடியூபில் ஒரு வீடியோவில் அந்தக் கம்பெனியின் கஸ்டமர் கேர் நம்பர் கிடைத்திருக்கிறது, பேசிப் பார்க்கப் போகிறேன் என்று நேற்று சொன்னாய். அதற்குள் அம்மா ஃபோனை வாங்கிவிட்டாள். "போடாதே" என்று மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். காரணம் சொல்லாமல் எதையாவது செய்யாதே என்றால் உனக்குப் பிடிக்காது. அதனால்தான் இந்தக் கடிதம்.

வங்கி வேலையின் கடைசி வருஷங்களில், இப்படி இணையத்தில் கிடைத்த போலி நம்பருக்குப் பேசிப் பணத்தை விட்டுவிட்டு வந்தவர்களை எதிரே உட்கார வைத்துப் பேசியிருக்கிறேன். விவரம் தெரியாதவர்கள் என்று நினைக்காதே. ஓய்வுபெற்ற வாத்தியார், மருந்துக்கடைக்காரர், உன் வயசுப் பிள்ளைகள் கூட உண்டு. முன்பின் தெரியாத ஒருவன் கூப்பிட்டு ஓடிபி கேட்டிருந்தால் இவர்களில் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். அந்த ஜாக்கிரதை எல்லோருக்கும் வந்துவிட்டது. ஆனால் இங்கே கூப்பிட்டதே அவர்கள்தான். நாமே தேடி எடுத்த நம்பர், நாமே போட்ட கால் என்பதால் எதிர்முனையில் இருப்பவன் மேல் சந்தேகமே எழுவதில்லை. அவனுக்கும் அது போதும்.

அந்த வீடியோவை இன்னொரு முறை பார். கம்பெனியின் லோகோ பெரிதாக இருக்கும், ஒரே படம் அசையாமல் நிற்கும், பின்னால் இயந்திரக் குரல் ஒன்று படிக்கும். நம்பரின் இலக்கங்களுக்கு நடுவே புள்ளியோ நட்சத்திரமோ போட்டு உடைத்து எழுதியிருந்தால் அங்கேயே புரிந்துகொள். யூடியூபின் கண்ணில் படாமல் இருக்கச் செய்கிற வேலை அது. கீழே "எனக்கு ரீஃபண்ட் வந்துவிட்டது, நன்றி சார்" என்று வரிசையாகக் கமெண்ட் இருக்கும். அதையும் அவர்களே போட்டுக்கொள்ளலாம். உண்மையான வீடியோக்களின் கமெண்ட்டிலும் இவர்கள் நுழைகிறார்கள். யாராவது தன் பிரச்சினையை எழுதினால், உதவுகிறேன் என்று ஒரு வாட்ஸ்அப் நம்பர் வந்து உட்காரும்.

ஃபோன் எடுத்ததும் மரியாதையாகத்தான் பேசுவார்கள். ஆர்டர் எண் கேட்பார்கள், கொஞ்சம் காத்திருக்கச் சொல்வார்கள். அப்புறம்தான் விஷயத்துக்கு வருவார்கள். எனிடெஸ்க் மாதிரி ஒரு ஆப்பை இறக்கச் சொல்லி, அதில் தெரியும் ஒன்பது அல்லது பத்து இலக்க எண்ணைப் படிக்கச் சொல்வார்கள். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர்கள் நியாயமாகப் பயன்படுத்துகிற ஆப்தான் அது. ஆனால் அந்த எண்ணைக் கொடுத்து அனுமதியும் கொடுத்தால் உன் திரை அவன் கைக்குப் போய்விடும். நீ அடிக்கும் கார்டு எண், வந்து விழும் ஓடிபி, எல்லாம் அவனுக்குத் தெரியும். 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி இதைப் பற்றி வங்கிகளை எச்சரித்தது. இப்போது வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் ஒன்றை, அதாவது ஆப்பை நேரடியாக நிறுவும் ஃபைலை, அனுப்பி, இதுதான் புகார் படிவம் என்றும் சொல்கிறார்கள். அதை நிறுவி, அது கேட்கிற அனுமதிகளைக் கொடுத்தால் உன் எஸ்எம்எஸ் அத்தனையும் அவர்களுக்குப் போய்ச் சேரும்.

"சரிபார்க்க ஐந்து ரூபாய் அனுப்புங்கள்" என்பார்கள். ரீஃபண்ட் வாங்க யூபிஐ பின் போடுங்கள் என்பார்கள். பாப்பா, பணம் வாங்க யூபிஐ பின் நம்பர் எப்போதுமே தேவையில்லை. பின் நம்பரைப் போட்டால் உன் கணக்கிலிருந்து பணம் போகிறது என்றுதான் அர்த்தம்.

நம்பர் வேண்டுமென்றால் நீ மிக்ஸி வாங்கிய அதே ஆப்புக்குள் போய், அந்த ஆர்டரைத் திறந்து, உதவிப் பகுதியில் பார். பல கம்பெனிகள் அங்கே சாட் மட்டும்தான் வைத்திருக்கின்றன. நம்பர் கிடைக்காத அந்த எரிச்சலில்தான் ஆட்கள் யூடியூபுக்குப் போகிறார்கள். எனக்கு அந்தக் கம்பெனிகள் மேலும் கோபம் உண்டு. வங்கி விஷயமாக இருந்தால் கார்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் நம்பர் போதும்.

ஒருவேளை ஏற்கெனவே பேசி, ஆப்பையும் இறக்கியிருந்தால் பயப்படாமல் உடனே சொல். நான் திட்ட மாட்டேன். முதலில் இணையத்தை அணைத்துவிட்டு அந்த ஆப்பை நீக்கு. பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் வங்கிக்கும் அந்த நிமிஷமே சொல்லிவிடு. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் நிறுத்தி வைக்க வாய்ப்பு. ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதிப்படி, நாமே ரகசிய விவரத்தைக் கொடுத்துப் போன பணம், வங்கியிடம் சொல்லும்வரை நம் நஷ்டம். சொன்ன பிறகும் போனால் வங்கியின் பொறுப்பு. வெட்கப்பட்டு மறுநாள் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்து கொடுக்க முடியவில்லை.

அந்த வீடியோவை மோசடி என்று யூடியூபில் ரிப்போர்ட் செய்துவிடு. மிக்ஸிப் பணத்துக்கு ஆப்பின் சாட்டில் புகார் எண் வாங்கி வை. அவர்கள் சொன்ன தேதிக்குள் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்கலாம். பில்லும் திருப்பி அனுப்பிய ரசீதும் எடுத்து வைத்துக்கொள், கேட்பார்கள்.

அன்புடன்,
அப்பா