விசாரித்துவிட்டு அனுப்பட்டும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல்.

சரி, “அமெரிக்காவுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்தவனைத் திருப்பி அனுப்பினால் உனக்கென்ன?” என்று கேட்டிருந்தாய். அனுப்பக் கூடாது என்று நான் சொல்லவில்லை. யாரை அனுப்புகிறோம் என்று விசாரித்துவிட்டு அனுப்பு என்கிறேன்.

2025 மார்ச் 15 அன்று ட்ரம்ப் அரசு செய்ததைப் பார். போர்க்காலத்துக்கென்று 1798-ல் எழுதிய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, வெனிசுவேலாக்காரர்களைக் குற்றக் கும்பல் ஆட்கள் என்று சொல்லி எல் சால்வடோர் சிறைக்கு விமானம் ஏற்றினார்கள். ஆளை அடையாளம் காண அதிகாரிகள் வைத்திருந்த மதிப்பெண் பட்டியல் பிறகு நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. கும்பலுக்குரியது என்று அவர்கள் கருதும் பச்சை குத்தியிருந்தால் 4 மதிப்பெண். மொத்தம் 8 வந்துவிட்டால் கும்பல் ஆள்தான். பச்சை குத்துவது ஒரு குற்றமா, சொல்! விமானங்களைத் திருப்பச் சொல்லி நீதிபதி போஸ்பெர்க் உத்தரவிட்டபோது இரண்டு வானத்தில் இருந்தன. அவை திரும்பவில்லை.

இந்த அவசரம்தான் அரசின் உத்தி என்று நினைக்கிறேன். வக்கீல் மனு போடுவதற்குள் ஆள் எல்லை தாண்டிவிட்டால், அப்புறம் ‘எங்கள் கையில் இல்லை’ என்று சொல்லிவிடலாம். அதே மார்ச் 15 அன்று, மேரிலாந்து மாநிலத்தில் மனைவி மக்களோடு வாழ்ந்த ஒரு சால்வடோர்காரரையும் அனுப்பிவிட்டார்கள். அவரை அந்த நாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று 2019-லேயே குடியேற்ற நீதிபதியின் உத்தரவு இருந்தது. தவறு நடந்துவிட்டது என்று அரசே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. உச்ச நீதிமன்றம் சொல்லியும் அவர் திரும்ப ஜூன் ஆனது. வந்ததும் இன்னொரு வழக்குப் போட்டார்கள்.

டெக்சாஸ் தடுப்பு முகாமில் நடந்ததுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. ஸ்பானிஷ் பேசுகிறவர்களிடம், உங்களை நாடு கடத்தப் போகிறோம் என்று ஆங்கிலத்தில் அச்சடித்த தாளை நீட்டியிருக்கிறார்கள். கிடைத்த அவகாசம் ஏறக்குறைய 24 மணி நேரம். எங்கே, எப்படி முறையிடுவது என்று அதில் ஒரு வரி இல்லை. இது செல்லாது என்று மே 16 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் வழக்குப் போட ஆள் இருந்ததால்தான். குடியேற்ற நீதிமன்றத்தில் ஏழைக்கு அரசு வக்கீல் வைத்துத் தருவதில்லை என்பது உனக்குத் தெரியுமா?

‘குற்றவாளிக்கு எதற்கு விசாரணை?’ என்றும் எழுதியிருந்தாய். விசாரிக்காமல் அவன் குற்றவாளி என்று உனக்கு எப்படித் தெரிந்தது செல்வம்? இதற்கு மட்டுமாவது பதில் எழுது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
இளங்கோ