விளிம்பில் தெரியும் குளிர் வானத்தில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வங்கக்கடல் தாழ்வு மண்டலம் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையோடு நுண்ணலைச் செயற்கைக்கோள் படம் ஒன்றும் வெளியாகியிருந்தது. அதன் இரு ஓரங்களிலும் தெரிந்த நீலப் பட்டைகளைப் ‘புயலைச் சூழ்ந்த குளிர்காற்று’ என்று படக்குறிப்பு விளக்கியது. சில நாட்களில் வந்த வாசகர் கடிதம் ஒன்று, இணையத்தில் காணப்படும் அதே படத்தில் அந்த நீலம் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டி, அளவீடுகளை விஞ்ஞானிகள் தம் விருப்பப்படி திருத்துகிறார்களோ என்று ஐயுற்றது. படக்குறிப்பு தவறானது, ஐயத்துக்கும் இடமில்லை. இரண்டும் செயற்கைக்கோள் கருவியின் பார்வைக் கோணத்திலிருந்து பிறந்தவை என்பதால் இக்கடிதம்.

1998 மே மாதம் ஏவப்பட்ட அமெரிக்காவின் நோவா-15 முதல் பல வானிலைச் செயற்கைக்கோள்களில் இடம்பெற்ற ‘ஆம்சு-ஏ’ என்ற நுண்ணலைக் கருவியை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 830 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தபடி அது தன் பாதைக்குக் குறுக்காக, ஒரு பக்க ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, எட்டு வினாடிக்கு ஒருமுறை 30 இடங்களைப் பார்க்கிறது. நடுவில் உள்ள இடங்களை ஏறக்குறைய நேர்கீழாகவும், கடைசி இடங்களைச் சுமார் 48 பாகைச் சாய்விலும் நோக்குகிறது. பூமி உருண்டை என்பதால், அந்தக் கடைசி இடத்தில் தரையில் நிற்பவருக்குச் செயற்கைக்கோள் தலைக்கு மேலிருந்து 58 பாகை சரிந்து தெரியும். உச்சிவெயிலைவிட அந்திச் சூரியனின் ஒளி அதிகக் காற்றைக் கடந்து வருவது போலவே, அங்கிருந்து புறப்படும் நுண்ணலையும் நேர்ப்பாதையைப் போல ஏறத்தாழ 1.9 மடங்கு காற்றைக் கடந்தாக வேண்டும்.

வெப்பநிலையை அளக்க இக்கருவி பெரும்பாலும் 50 முதல் 60 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளையே நம்பியிருக்கிறது. அங்கே ஆக்சிஜன் நுண்ணலையை உறிஞ்சி, தன் வெப்பநிலைக்கேற்ப உமிழ்கிறது. கடக்க வேண்டிய காற்று மிகுந்தால் கீழடுக்குகளின் உமிழ்வு வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். கருவியை எட்டுவது இன்னும் மேலே உள்ள காற்றின் உமிழ்வு. எளிய கணக்கிலேயே இந்த ஏற்றம் சுமார் 2 கிலோமீட்டர் என்று தெரியவருகிறது. அடிவளிமண்டலத்தில் கிலோமீட்டருக்கு 6.5 கெல்வின் (வேறுபாட்டளவில் ஒரு கெல்வின் ஒரு செல்சியஸ் பாகைக்குச் சமம்) வீதம் வெப்பம் குறைவதால், ஒரே சீரான வானம்கூட ஓரத்தில் பத்துக் கெல்வினுக்கு மேல் குளிர்ந்ததாகப் பதிவாகும். புயலின் மேல்மட்டத்தில் இக்கருவி காணும் வெப்ப மையமோ சுற்றியுள்ள காற்றைவிடப் பெரும்பாலும் சில கெல்வின் அளவே வெப்பமானது. தேடும் பொருளைவிடக் கோணத்தால் வரும் பிழை பெரிதாக இருக்கிறது என்பதே சிக்கல். தங்கள் படத்தின் நீலப் பட்டை இந்தப் பிழைதான்.

எல்லா அலைவரிசைகளிலும் ஓரம் குளிர்வதில்லை. உயரே செல்லச் செல்ல வெப்பம் கூடும் அடுக்கு மண்டலத்தைப் பார்க்கும் அலைவரிசைகளில் ஓரம் வெப்பமாகத் தெரியும். கடற்பரப்பையே பார்க்கும் அலைவரிசைகளில் கடலின் உமிழ்திறனும் கோணத்துக்கேற்ப மாறுவதால் கணக்கு இன்னும் சிக்கலாகிறது.

இனி இந்தக் கோணப் பிழையை நீக்கும் ‘விளிம்புத் திருத்த’த்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் நோவா அமைப்பைச் சேர்ந்த கோல்ட்பெர்க் குழுவினர் 2001இல் வெளியிட்ட முறை பரவலாக அறியப்பட்டது. ஓரத்தில் ஓர் அலைவரிசை சற்று உயரத்தைப் பார்க்கிறது என்றால், அதைவிடத் தாழ்வாகப் பார்க்கும் அண்டை அலைவரிசை ஏறத்தாழ நாம் விரும்பும் உயரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே, அண்டை அலைவரிசைகளை உரிய விகிதத்தில் கலந்து, ‘நேர்கீழாகப் பார்த்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்’ என்று மதிப்பிடுகிறார்கள். அந்த விகிதங்கள் ஏராளமான அளவீடுகளை அகலாங்கு வாரியாகவும் கோணம் வாரியாகவும் சராசரி எடுத்துப் பெறப்பட்டவை. மூல அளவீடுகள் அழிக்கப்படுவதில்லை. இணையத்தில் வாசகர் கண்ட நீலமற்ற படம் இப்படித் திருத்தப்பட்டதே.

ஆயினும் இத்திருத்தத்துக்கு எல்லைகள் உண்டு. அவற்றை மறைத்து அதற்காக வாதாடுவது எனக்கு உடன்பாடில்லை. சராசரியிலிருந்து பிறந்த விகிதம், சராசரியிலிருந்து மிகவும் விலகிய இடங்களில், அதாவது கனமழை மேகங்களுக்குள்ளும் திபெத்தியப் பீடபூமி போன்ற உயர்நிலங்களின் மீதும், தடுமாறும். மேலும், நடுவில் சுமார் 48 கிலோமீட்டர் விட்டமுள்ள பார்வைப் புள்ளி, ஓரத்தில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளமும் 80 கிலோமீட்டர் அகலமுமாக நீண்டுவிடுகிறது. கோணத்தைத் திருத்தலாம், கரைந்துபோன நுட்பத்தைத் திரும்பப் பெற முடியாது. ஓரத்தில் சிக்கிய புயல் திருத்திய படத்திலும் உண்மையைவிட வலுக்குறைந்ததாகவே தெரியும். கடற்கரையில் வாழும் எங்களுக்கு இந்த ஓர் எச்சரிக்கை மிக முக்கியமானது.

இத்தொல்லையே எழாதபடி கருவியை அமைக்கவும் முடியும். இஸ்ரோவும் பிரான்சின் விண்வெளி அமைப்பும் சேர்ந்து 2011 அக்டோபர் 12 அன்று ஏவிய மேகா-டிராபிக்ஸ் செயற்கைக்கோளில் இரு வகைகளும் இருந்தன. ‘மெட்ராஸ்’ என்ற கருவி கூம்பு வடிவில் சுழன்று, எல்லாப் புள்ளிகளையும் ஒரே சாய்வில் பார்த்தது. (பெயரைக் கேட்டு மகிழ்ந்த சென்னைவாசிகளுள் நானும் ஒருவன்; அது 2013இலேயே செயலிழந்தது வருத்தமே.) ஈரப்பதத்தை அளந்த ‘சாஃபிர்’ குறுக்காகப் பார்த்ததால், அதன் அளவீடுகளில் கோணத்தைக் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வானிலை முன்கணிப்புக்கான கணினி மாதிரிகள் பொதுவாக இந்தத் திருத்திய படங்களைக் கேட்பதில்லை. அவை ஒவ்வொரு புள்ளியின் உண்மையான கோணத்தையும் வைத்து, அந்தச் சாய்வில் என்ன அளவு வர வேண்டும் என்று தாமே கணக்கிட்டு மூல அளவீட்டோடு ஒப்பிடுகின்றன. எப்போதும் ஒரே போக்கில் எஞ்சும் சிறு வேறுபாட்டை மட்டும் புள்ளியியல் முறையில் கழிக்கின்றன. விளிம்புத் திருத்தம் முதன்மையாகப் படத்தைக் கண்ணால் பார்த்து முடிவெடுப்பவர்களுக்கும், நீண்டகால வெப்பநிலைப் பதிவுகளைத் தொகுப்பவர்களுக்கும் உரியது. செய்தித்தாள் வாசகர்கள் முதல் வகையினர்.

எனவே, இனி இத்தகைய படங்களை வெளியிடும்போது எந்த அலைவரிசை, புயல் பார்வைப் பட்டையின் நடுவில் உள்ளதா ஓரத்தில் உள்ளதா, படம் கோணத் திருத்தம் செய்யப்பட்டதா ஆகிய மூன்றையும் படக்குறிப்பில் ஒரு வரியில் சேர்க்குமாறு வேண்டுகிறேன். முன்பு வெளியான படக்குறிப்புக்கும் ஒரு திருத்தம் வெளியிட்டால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
சென்னை.