ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம்

சென்னை
ஞாயிறு காலை

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்த பிறகுதான் நிம்மதி. தினமும் நத்தம் சாலையில் இறங்கிக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்வருகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். ஹாஸ்டல் சுவரில் கரிக்கட்டையால் இரட்டை இலை வரைந்து வார்டனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன், இன்று வாசலில் கலைஞர் பெயர் போட்ட கட்டடத்துக்குள் ஏ.சி.யில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறான்! மீனாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

கடைசியில் போகிறபோக்கில் கேட்டிருந்தாய், "ஆட்சி மாறினால் இதை என்ன செய்வார்களோ?" என்று. நீ விளையாட்டாக எழுதியிருப்பாய். எனக்கு மூன்று நாளாக அதே நினைப்பு.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு நடந்ததுதான் உனக்குத் தெரியுமே. 2010 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் திறந்தார்கள். (உன் மதுரை நூலகம் 2023 ஜூலை 15, காமராசர் பிறந்தநாள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981 செப்டம்பர் 15, அதுவும் அண்ணா பிறந்தநாள்தான். நம்மூரில் தலைவர் பிறக்காத நாளில் எதையும் திறக்க மாட்டார்கள் போலிருக்கிறது.) திறந்து பதினாலு மாதம்கூட ஆகவில்லை. 2011 நவம்பர் 2 அன்று, இது குழந்தைகள் மருத்துவமனை ஆகும், நூலகம் கல்லூரிச் சாலைக்குப் போகும் என்று அறிவிப்பு வந்தது. மறுநாள் பள்ளி விட்டதும் நேரே அங்கே போனேன். சர்வீஸ் கமிஷன் தேர்வுக்குப் படிக்கும் பெண் ஒருத்தி, தலை நிமிராமல் ஒரு தடிப்புத்தகத்தைப் பக்கம் பக்கமாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். என்னை அலுவலர் என்று நினைத்தாளோ என்னவோ, "எப்ப சார் காலி பண்றாங்க?" என்று கேட்டாள். என்னிடம் என்ன பதில் இருந்தது?

உயர்நீதிமன்றம் தடை கொடுத்ததால் கட்டடம் தப்பித்தது. பராமரிப்பு தப்பவில்லை. 2012இல் அதன் அரங்கத்தைக் கல்யாண வரவேற்புக்கு விட்டார்கள். அதற்கும் நீதிமன்றப் படிதான் ஏற வேண்டியிருந்தது. நூலகத்தை நூலகமாக வை என்று கேட்கக் கோர்ட்டுக்குப் போன ஊர் நம்முடையது.

இதாவது ஊரறிந்த கதை. செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் கதையை அவ்வளவு பேர் பேசவில்லை. 2010இல் ஓமந்தூரார் தோட்டத்தில் புதிய தலைமைச் செயலகம் திறந்ததும், கோட்டையில் காலியான பழைய சட்டமன்ற மண்டபத்தை அந்த நிறுவனத்தின் நூலகத்துக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் மே மாதம் ஆட்சி மாறியது. சட்டமன்றம் கோட்டைக்கே திரும்ப வேண்டும் என்றானது. சங்க இலக்கியப் பதிப்புகளெல்லாம் மூட்டை கட்டப்பட்டன. பிறகு தரமணியில் ஒண்டுக்குடித்தனம். 2022 ஜனவரியில்தான் பெரும்பாக்கத்தில் சொந்தக் கட்டடம் கிடைத்தது.

அங்கே ஒரு விருது உண்டு. கலைஞர் தன் சொந்தப் பணம் ஒரு கோடியை வைப்புநிதியாகப் போட்டு, தன் பெயரிலேயே ஏற்படுத்தியது. 10 லட்சம் ரூபாய், கூடவே அவருடைய வெண்கலச் சிலை ஒன்று. முதல் விருது பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்ப்போலாவுக்கு, 2010 கோவைச் செம்மொழி மாநாட்டில் வழங்கப்பட்டது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. மத்திய அரசின் நிறுவனம்தான், ஆனால் தலைவர் யார் என்றால், பதவிவழி தமிழக முதலமைச்சர். நீயே யோசித்துப் பார். அம்மா கையால் கலைஞர் சிலையை எடுத்து ஒரு புலவருக்குக் கொடுப்பதா? 2010 முதல் 2019 வரைக்குமான பத்து வருஷ விருதுகளை 2022 ஜனவரியில் மொத்தமாகக் கொடுத்துத் தீர்த்தார்கள்.

உன் கட்சியை மட்டும் குத்துகிறேன் என்று நினைக்காதே. விருதில் தன் சிலையை வைத்தவர் என் ஆள்தான். வைக்காமல் இருந்திருக்கலாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாவது உலகத் தமிழ் மாநாட்டை 2010இலேயே நடத்த வேண்டும் என்று ஆசைப்பட்டார். உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவராக அப்போது இருந்தவர் ஜப்பானியப் பேராசிரியர் நொபொரு கராஷிமா. ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கு இந்த அவகாசம் போதாது என்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை. 2011இல் தேர்தல், அதுவரை பொறுக்க முடியுமா? "உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு" என்று பெயரை மாற்றி, ஜூன் மாதம் கோவையில் நடத்திவிட்டார்கள். நான் போயிருந்தேன். ஊர்வலத்தில் அலங்கார வண்டிகளைப் பார்த்துக் கை வலிக்கத் தட்டினேன். அந்த ஜப்பானியரை அப்போது நான் நினைக்கவே இல்லை.

1995இல் நீயும் நானும் தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? கட்-அவுட் நிழலில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். இலங்கையிலிருந்து வந்த பேராசிரியர் கா. சிவத்தம்பியை மாநாட்டுக்கு விடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று யாரோ சொன்னதும் நீ எழுந்துவிட்டாய். "வாடா போகலாம், இது நமக்கு வேண்டாம்" என்றாய். உன் தலைவியின் மாநாட்டிலிருந்து நீயே வெளியே வந்தாய். உன்னை நினைத்து நான் பெருமைப்பட்டது அன்றுதான். சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

ஆனால் என் கையே பட்ட காரியம் ஒன்று உண்டு. 2011 ஜூனில் பள்ளி திறந்தபோது பிள்ளைகளுக்குப் பாடநூல் இல்லை. முந்தைய ஆட்சி கொண்டுவந்த, எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடம் என்ற சமச்சீர்க் கல்வி வேண்டும், வேண்டாம் என்று வழக்கு. ஆகஸ்ட் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பத்து நாளில் கொடு என்றது. அச்சடித்த புத்தகம் கோடிக்கணக்கில் தயாராக இருக்கிறது. அதில் செம்மொழி மாநாட்டுப் பாடலும் இருக்கிறது, கலைஞர் பெயரும் இருக்கிறது. என்ன செய்வது? மறை என்றார்கள். சில இடங்களில் கறுப்பு மை, சில இடங்களில் கிழிப்பு, எங்களுக்கு வந்தது ஸ்டிக்கர்.

ஸ்டாஃப் ரூமில் மேசையைச் சுற்றி எட்டு வாத்தியார்கள். ஒருவர் பக்கத்தைப் பிரிப்பார், ஒருவர் ஒட்டுவார், ஒருவர் உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பார். நான் தேய்க்கிறவன். இருபத்தைந்து வருஷம் தமிழ் நடத்திய கை. கணக்கு வாத்தியார் மட்டும், "நல்லவேளை, எங்க பாடத்துல யாரும் ஆட்சிக்கு வர்றதில்ல" என்று சொல்லிக்கொண்டே ஒட்டினார்.

மறுநாள் வகுப்புக்குள் நுழைந்தால், பையன்களெல்லாம் ஜன்னலோரம். அந்த ஒரு தாளை வெயிலுக்கு நேராகப் பிடித்து, ஸ்டிக்கருக்கு அடியில் இருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்கள். வருஷம் முழுக்க நான் தொண்டை வறளக் கத்தினாலும் ஒரு செய்யுளை இவ்வளவு ஆர்வமாக அவர்கள் படித்ததில்லை. நான் வெளியே வராந்தாவிலேயே நின்றுவிட்டேன். உள்ளே போய் "உட்காருங்கடா" என்று சொல்ல வாய் வரவில்லை.

அதே ஆகஸ்டில்தான் தை முதல் நாள் புத்தாண்டு என்ற 2008ஆம் வருஷச் சட்டத்தையும் எடுத்தார்கள். எங்கள் வீட்டில் எந்த ஆட்சியிலும் சித்திரை ஒன்றுக்குத்தான் மாங்காய்ப் பச்சடி. அந்த மட்டில் மீனாவிடம் அரசாணை செல்லாது.

போன மாதம் பரணைச் சுத்தம் பண்ணும்போது உன் பழைய கடிதக் கட்டு கிடைத்தது. பேரன் ஒன்றை எடுத்து, "தாத்தா, இந்த எழுத்துக்கு ஏன் தும்பிக்கை இருக்கு?" என்றான். 1977இல் நீ எழுதிய கடிதம். லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கையோடு! பெரியார் 1935லேயே தன் குடியரசு இதழில் மாற்றிய எழுத்தை, அவர் நூற்றாண்டில், 1978 அக்டோபரில் அரசாணையாகப் போட்டவர் உன் எம்.ஜி.ஆர். என் தலைவர் அதைச் செய்யாமல் போனாரே என்று எனக்கு அன்றைக்கு வயிற்றெரிச்சல். அதற்காகவே ஆறு மாதம் பிடிவாதமாகத் தும்பிக்கை போட்டு எழுதினேன், உனக்கு நினைவிருக்கும். (ஐ, ஔவுக்குப் பதிலாக அய், அவ் என்பதை மட்டும் எம்.ஜி.ஆர். எடுத்துக்கொள்ளவில்லை. அதில் அவர் சமர்த்து.) அதற்குப் பிறகு எத்தனை ஆட்சி மாறியது! அந்த ஆணையில் யாரும் கை வைக்கவில்லை. பேரனுக்கு எம்.ஜி.ஆரும் தெரியாது, ஆணையும் தெரியாது. 'லை' எழுதுகிறான்.

கீழடியைப் பற்றிக் கேட்டிருந்தாய். நீ பஸ்ஸில் போய்ப் பார்க்கிற தூரத்தில் இருக்கிறாய், நான் என்ன சொல்ல? ஒன்று மட்டும் கவனித்தேன். அங்கே முதலில் தோண்டிய மத்தியத் தொல்லியல் துறை அதிகாரி அமர்நாத் ராமகிருஷ்ணனை 2017இல் அசாமுக்கு மாற்றினார்கள். அடுத்த வருஷம் மாநிலத் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்தது உங்கள் ஆட்சியில். 2021இல் எங்கள் ஆட்சி வந்தும் மண்வெட்டி நிற்கவில்லை, 2023இல் அருங்காட்சியகமும் வந்தது. எதிராளி கோட்டையில் இல்லை, டில்லியில் இருந்தான், அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அமர்நாத் கொடுத்த 982 பக்க அறிக்கையைத் திருத்திக் கொடு என்று 2025இல் டில்லி திருப்பியபோது எங்கள் கட்சிக்காரர்கள் கொதித்தார்கள். நானும் கொதித்தேன். கூடவே, ஸ்டிக்கர் தேய்த்த கைக்கு இந்தக் கோபம் பொருந்துமா என்றும் ஒரு நிமிஷம் பட்டது.

பங்குனியில் மதுரை வருகிறேன். மீனாவுக்கு அழகர்கோயில், எனக்கு உன் நூலகம். அதற்குள் ஒரு வேலை செய். அங்கே தமிழ்ப் பகுதியில் எம்.ஜி.ஆர் பற்றிய புத்தகங்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன, எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்து எழுது. ஒன்றுமே இல்லையென்றால் அதையும் மறைக்காமல் எழுது. கோட்டூர்புரத்தில் நான் எண்ணிக்கொண்டு வருகிறேன்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
சண்முகம்