பக்கவாதம் வந்தவங்களுக்கு கோயில் மண்டபத்துல ஒரு வீடியோ கால் ரூம், கை கொடுங்க

எல்லாருக்கும் வணக்கம்ங்க. பர்மாவுல பெகு பக்கம் நம்ம கிராமத்துக் கமிட்டியில இருந்து எழுதுறோம்.

போன மழைக்காலத்துல நம்ம கமிட்டி அண்ணன் ஒருத்தர் காலைல டீ குடிச்சிட்டு இருந்தவரு, கிளாஸ் கையில நிக்காம நழுவி விழுந்துச்சு, வாய் கோணிடுச்சு, பேச்சு கொளறுது. பர்மாக்காரங்க இதை லேப்யான்னு சொல்வாங்க, காத்து அறுத்துடுச்சுன்னு அர்த்தம், நாமளும் அதே நெனப்புல எண்ணெய சூடு பண்ணி மத்தியானம் வரைக்கும் தேச்சுக்கிட்டே உக்காந்திருந்தோம். இது காத்து இல்லீங்க. மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சுக்குது, இல்லன்னா வெடிச்சுடுது. அடைப்புன்னா கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், ஆனா அடைப்பா கசிவான்னு சிடி ஸ்கேன்ல பாக்காம போடவே கூடாது. யாங்கூன் இங்கருந்து அம்பது மைல். நாங்க போய்ச் சேர்ந்தப்ப ராத்திரி ஆயிடுச்சு.

அப்புறம் அவரைத் தேத்துனது போன்தான். யாங்கூன்ல இருந்து, கை கால் பயிற்சி கொடுக்குற ஒரு பிசியோ தங்கச்சி வாரம் ரெண்டு நாள் வீடியோ கால்ல வரும், சிக்னல் எடுக்குற எடம் மாமரத்தடிதான், மக அப்பாவ அங்க உக்கார வச்சு போனைப் புடிச்சுக்கிட்டு நிப்பா. மடியில ஒரு கிண்ணம் பட்டாணி. விழுந்த கையால ஒண்ணொண்ணா எடுத்து அடுத்த கிண்ணத்துல போடணும். மொத நாள் மூணு பட்டாணி. ரெண்டு மாசத்துல கிண்ணமே காலி, இப்ப சட்டை பட்டன் அவரே போட்டுக்குறாரு. ஆனா கரண்ட்டு போயி நெட்டு போயி பாதியில நின்ன நாள் எத்தனையோ, மொத மூணு மாசத்துலதான் கை கால் வேகமா தேறும், அந்த நாளெல்லாம் திரும்பி வராதே.

போன்ல பாத்தா ஆகுமான்னு கேக்குறவங்களுக்கு: 2019ல அமெரிக்காவுல 124 பேரை வச்சுப் பாத்தாங்க, வீட்டுல இருந்தே நெட்டு வழியா பயிற்சி எடுத்தவங்களுக்கும் கிளினிக் போனவங்களுக்கும் கை தேறுனது கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

அதனால மண்டபத்துப் பின் ரூமுக்கு சோலார், பேட்டரி, ரெண்டு டேப்லெட், நடை பழக கைப்பிடிக் கம்பி, நாலு பிரஷர் மெஷின் வாங்கணும். ஙப்பியும் (உப்பு போட்டு ஊற வச்ச மீன் விழுது) கருவாடும் இல்லாம சோறு எறங்காத ஊரு நம்மது, அந்த உப்பு பிரஷரை ஏத்தும், பிரஷர் பாக்காம விட்டுத்தான் பாதிப் பேரு விழுறாங்கன்னு எங்களுக்குத் தோணுது. அவசரம்னா வீடியோவுல மொகத்தையும் கையையும் பாத்து, சிடி ஸ்கேன் இருக்குற எடத்துக்கு நேராப் போங்கன்னு சொல்ல ரெண்டு டாக்டருங்க ஒத்துக்கிட்டாங்க, காசு வேணாம்னுட்டாங்க. ஊசி போன்ல வராது, ஆனா எண்ணெ தேச்சு வீணாப்போற நேரம் மிஞ்சும்ல.

பர்மா காசு ஆயிரம் சாட்டா இருந்தாலும் சரி, மலேசியா, சிங்கப்பூர்ல இருக்குற நம்ம புள்ளைங்க அனுப்புறதா இருந்தாலும் சரி, கோயில் ஆபீஸ்ல ரசீது வாங்கிக்குங்க, ரசீது இல்லாம யார் கையிலயும் கொடுக்காதீங்க. கணக்கை மாசாமாசம் மண்டபத்து போர்டுல ஒட்டுவோம். பணம் முடியாதவங்க, வீட்டுல சும்மா கெடக்குற டேப்லெட் இருந்தா சார்ஜரோட கொண்டாந்து கொடுங்க, தைப்பூசத்துக்கு முன்னாடி ரூமைத் தொறந்துடணும்.