அருவி மட்டுமா சாம்பசி?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆப்பிரிக்காவின் சாம்பசி ஆறு என்றாலே விக்டோரியா அருவியோடு நம் பத்திரிகைகள் நின்றுவிடுகின்றன. 8 நாடுகளில் பரந்த அந்த ஆற்றுப்படுகையின் காடுகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

மேட்டு நிலங்களில் பெரும்பாலும் மியோம்போ எனப்படும் இலையுதிர் காடு. மழை தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போதே, காய்ந்த மண்ணில் அந்த மரங்கள் துளிர்த்துவிடும். கொழுந்து முதலில் செம்பு நிறம், கருஞ்சிவப்பு, பிறகுதான் பச்சை. லுவாங்வா போன்ற வெப்பமான பள்ளத்தாக்குகளில் மொபானி மரங்கள். வண்ணத்துப்பூச்சிச் சிறகு போன்ற அதன் இரட்டை இலை உச்சி வெயிலில் மடிந்துகொள்வதால், மரத்தடியில் நிழலே தேறாது. அந்த இலையைத் தின்று வளரும் புழுவை மக்கள் உலர்த்தி உண்கிறார்கள், சந்தையில் விற்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நம் புளியமரத்துக்கு இந்த மியோம்போ, மொபானி மரங்கள் நெருங்கிய சொந்தம்!

இன்று ஜாம்பியாவின் தலைநகர் லுசாகா போன்ற நகரங்களின் அடுப்புகளுக்காக மியோம்போ மரங்கள் கரியாகின்றன. வெட்டிய அடிமரம் மறுபடி தழைக்கும். ஆனால் அடுத்த கோடரியும் காட்டுத்தீயும் அதற்கு அவகாசம் தருவதில்லை. இதுபற்றி விரிவான கட்டுரை ஒன்று வெளியிட வேண்டுகிறேன்.

- வாசகர், தென்காசி